மணிக்கூண்டைத் தாண்டி

1992 அக்டோபரில் நான் துபாய்க்குப் புறப்பட்டபோது, சித்தப்பா எழுதியிருந்த கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் முகவரி என்று எதுவும் இல்லை. வழி மட்டும் இருந்தது. "டாக்சிக்காரரிடம் தேரா மணிக்கூண்டு என்று சொல். அதைத் தாண்டினால் நாசர் ஸ்கொயர். அங்கே இறங்கி நாயிஃப் காவல் நிலையம் எங்கே என்று கேள், யாரும் காட்டுவார்கள். நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்தில், தையற்கடைக்கு மேலே இரண்டாவது மாடி." கதவு எண்ணும் தெருப் பெயரும் இல்லாமல் ஓர் ஆளைக் கடல் கடந்து வரச் சொல்கிறாரே என்று அம்மா கலங்கினார். துபாயில் தபால்காரர் வீடு தேடி வருவதில்லை என்பதும், ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம் வேலை பார்க்கும் நிறுவனத்தின் தபால் பெட்டி எண்ணுக்கே வந்து சேரும் என்பதும், நான் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. சித்தப்பா எழுதிய வழி சரியாகவே இருந்தது. மீட்டர் இல்லாத டாக்சியில் பேரம் பேசி ஏறி, இரவு பதினோரு மணிக்கு அந்தத் தையற்கடையின் முன்னால் தகரப் பெட்டியோடு நின்றேன்.

இந்த ஆண்டோடு என் வேலை முடிகிறது. வேலையோடு விசாவும் முடியும். முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்த ஊரை விட்டுப் புறப்படுவதற்கு முன், எனக்குத் தெரிந்தவர்களிடம் அவர்களுடைய பழைய நாட்களைக் கேட்டு எழுதி வைக்கலாம் என்று சில மாதங்களாக ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அலைகிறேன். யாரைக் கேட்டாலும் நினைவு ஒரு வழியில்தான் தொடங்குகிறது: அந்த ரவுண்டானாவுக்கு எதிரில், அந்தச் சினிமாக் கொட்டகைக்குப் பின்னால், அந்தப் பெரிய விளம்பரப் பலகைக்குக் கீழே. சொல்லப்படும் அடையாளங்களில் பாதி இன்று இல்லை. அவை இல்லாத ஊரில் அவற்றை வைத்தே ஒருவருக்கொருவர் வழி சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை இந்த நோட்டுப் புத்தகம்தான் எனக்குக் காட்டியது.

நாயிஃபில் எங்கள் அறை பன்னிரண்டுக்குப் பத்தடி இருக்கும். நான்கு இரட்டைக் கட்டில்கள், எட்டுப் பேர், சன்னலில் பொருத்திய ஒரே ஏசி. வாடகைக்குக் கிடைப்பது அறை அல்ல, கட்டில் மட்டுமே; அதற்குப் 'பெட் ஸ்பேஸ்' என்று பெயர். புதிதாக வந்தவனுக்கு ஏசிக்கு நேர் கீழே உள்ள மேல் கட்டில்தான் கிடைக்கும், ஏனென்றால் அதிலிருந்து சொட்டும் நீர் அவன் கால்மாட்டில்தான் விழும். எட்டுப் பேருக்கும் ஒரே குளியலறை என்பதால் காலை நாலரை மணி முதல் முறை வைத்துக் குளிப்போம். அங்கே கற்ற முதல் பாடம் தண்ணீரைப் பற்றியது. மே மாதம் தொடங்கிவிட்டால் மொட்டை மாடித் தொட்டி வெயிலில் சூடேறி, குளிர்ந்த நீருக்கான குழாயில் கொதிநீர் வரும். அதனால் வெந்நீர் போடும் கீசரை அணைத்து வைத்துவிட்டு, அறைக்குள் இருக்கும் அந்தக் கீசரில் தேங்கி ஆறிய நீரைத்தான் குளிப்பதற்கு எடுப்போம். கோடையில் வெந்நீர்க் குழாயே தண்ணீர்க் குழாய், குளிர்காலத்தில் மீண்டும் மாறிக்கொள்ளும். இன்றைக்கும் பழைய கட்டடங்களில் வாழ்பவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள்.

சமையலுக்கு மெஸ் கணக்கு இருந்தது. வாரத்துக்கு ஒருவர் என்று முறை போட்டுக்கொள்வோம். யாருக்கு உடம்பு முடியவில்லையோ அவருடைய முறையைச் சித்தப்பாவே எடுத்துக்கொள்வார். சமைக்க முடியாத நாளில் குப்பூஸ் ரொட்டியும் தயிரும். வெள்ளிக்கிழமைதான் ஒரே விடுமுறை. அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு பொதுத் தொலைபேசிக் கூண்டுகளின் முன்னால் நீண்ட வரிசை நிற்கும். ஊரில் எல்லார் வீட்டிலும் தொலைபேசி இல்லாத காலம் என்பதால், பக்கத்துக் கடைக்கு முன்கூட்டியே கடிதம் போட்டு நேரம் சொல்லி, அந்த நேரத்துக்கு அம்மா அங்கே வந்து காத்திருப்பார். வரிசை நீண்டு, என் முறை வருவதற்குள் அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்ட வெள்ளிக்கிழமைகள் உண்டு. அட்டையில் பணம் கரையக் கரைய இரண்டு பக்கமும் அவசரமாக நலம் விசாரித்துக்கொள்வோமே தவிர, சொல்ல நினைத்ததை ஒரு நாளும் சொன்னதில்லை. அதனால்தான் அறையில் இருந்த மூத்தவர்கள் ஒலிநாடாவில் பேசிப் பதிந்து, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பினார்கள். ஏழு பேர் தூங்கிக்கொண்டிருக்கும் அறையில், போர்வைக்குள் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு மனைவியிடம் தாழ்ந்த குரலில் பேசும் ஒருவரை நாங்கள் எல்லோரும் தூங்குவதுபோல் கேட்காமல் கேட்டோம். அதை எங்களில் யாரும் மறுநாள் பேசியதில்லை. அந்த மரியாதையை நான் இன்றும் பெரிதாக நினைக்கிறேன்.

எங்களுக்கெல்லாம் மூத்தவர் அதிராம்பட்டினத்துப் பாய் ஒருவர். 1974இல் பம்பாயில் கப்பலேறி, கராச்சி, மஸ்கட் வழியாக வந்தவர். பயணம் போகிறவர்களை அவர்கள் ஊரில் சபுராளி என்பார்கள். தம் வீட்டில் மூன்று தலைமுறையாகச் சபுராளிகள்தாம் என்று சொல்வார். பர்மாவும் மலாயாவும் போன தாத்தாக்களின் வழியில்தான் அவரும் வந்திருந்தார். அவர் வந்தபோது திர்ஹம் நாணயம் பிறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அவருக்கு முன்னால் வந்தவர்கள் இந்திய ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்கென்றே 1959 முதல் அச்சிட்ட ரூபாயில் சம்பளம் வாங்கிய கதைகளை அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். 1966இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோதுதான் இந்தப் பகுதி அந்த ரூபாயைக் கைவிட்டது.

பாயின் நினைவில் முதன்மையானது வெயில். அவர் தங்கிய இடத்தில் ஏசி கிடையாது. கோடை இரவுகளில் மொட்டை மாடிக்குப் படுக்கைப் பாயைத் தூக்கிப் போய், நனைத்துப் பிழிந்த கைலியைப் போர்த்திக்கொண்டு படுப்பார்களாம். அது காய்ந்ததும் விழிப்பு வரும், எழுந்து மறுபடி நனைத்துக்கொள்வார்களாம். "ராத்திரிக்கு நாலு தரம் நனைச்சா விடிஞ்சிடும் தம்பி" என்று சொன்னார். பஸ்தகியாவில் இருக்கும் பழைய வீடுகளின் காற்றுக் கோபுரங்களை இப்போது சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள். நாற்புறமும் திறந்த அந்தப் பர்ஜீல்கள் மேலே போகும் காற்றைப் பிடித்துக் கீழ் அறைக்கு இறக்குவதை, அங்கே ஒரு வீட்டுக்கு அரிசி மூட்டை கொண்டுபோய்ப் போட்ட ஒரு நண்பகலில் அவர் உடம்பால் அறிந்திருக்கிறார். மூட்டையை இறக்கிவிட்டுக் காற்றுக் கோபுரத்தின் கீழே சிறிது நேரம் நிற்க அனுமதி கேட்டாராம். வீட்டுக்காரர் உட்காரச் சொல்லிப் பேரீச்சம்பழமும் காப்பியும் கொடுத்தாராம். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வீட்டுக்காரருக்காகத் துஆ செய்வதாகச் சொன்னபோது பாயின் குரல் தழுதழுத்தது.

என் அலுவலகம் எதிர்க்கரையில், புர் துபாயில் இருந்தது. துபாயின் நடுவே கடலிலிருந்து உள்ளே வரும் கழியை 'கோர்' என்பார்கள். அதன் ஒரு கரை தேரா, மறு கரை புர் துபாய். அப்ரா என்னும் சிறு மரப்படகில் அரை திர்ஹம் கொடுத்துக் கடந்தேன். இப்போதும் ஒரு திர்ஹம்தான். இந்த ஊரில் எல்லாமே மாறியும் ஏழைக்கு எட்டும் விலையில் நின்றுவிட்ட ஒன்று அந்தப் படகு. மரக்கலங்கள் கரையோரம் மூன்று நான்கு வரிசையாக ஒன்றையொன்று அணைத்து நிற்கும். டயர்கள், குளிர்பதனப் பெட்டிகள், தேயிலைப் பெட்டிகள் எல்லாம் நடைபாதையிலேயே காவலின்றி அடுக்கிக் கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் எதிர்க்கரை தெரியாத அளவு மூடுபனி இறங்கும்போது, படகோட்டிகள் குரல் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் செலுத்துவார்கள். மணல் படிந்து தூர்ந்துகொண்டிருந்த அந்தக் கழியை, எண்ணெய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, குவைத்திடம் கடன் வாங்கி 1959 முதல் 1961 வரை அன்றைய ஆட்சியாளர் ஷேக் ரஷீத் ஆழப்படுத்தினார் என்பதை நான் பின்னாளில் படித்தறிந்தேன். எண்ணெய் கிடைத்தது 1966இல்தான். இந்த ஊர் எண்ணெயால் எழுந்தது என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீர் வழியைக் கடன் வாங்கித் திறந்ததால் எழுந்தது என்று நான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன்.

ஒரு கட்டுமான நிறுவனத்தில் நான் நேரக் காப்பாளர். ஆட்கள் வந்த நேரமும் போன நேரமும் எழுதுவது வேலை. ஷேக் ஸாயித் சாலையில் அன்றைக்கு 1979இல் திறக்கப்பட்ட 39 மாடி வர்த்தக மையம்தான் உயரத்தின் எல்லை. அன்றைய நூறு திர்ஹம் தாளில் அதன் படம் இருந்தது. அதைத் தாண்டி அபுதாபிப் பக்கம் போனால் டிபென்ஸ் ரவுண்டானா, சாலையோரம் டொயோட்டா கட்டடம், அப்புறம் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கட்டடங்கள், பிறகு மணல். ஷமால் காற்று வீசும் நாளில் அந்த மணல் சாலையின் குறுக்கே பாம்புகளைப்போல் நெளிந்து ஓடும். எங்கள் தொழிலாளர்களில் அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து ஆட்கள் நிறைய. ஏசி இல்லாத பேருந்தில் விடிவதற்கு முன்பே வந்திறங்குவார்கள். தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக் கண் மட்டும் தெரியும்படி நிற்பவர்களிடம், குரலை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டு பெயரெழுதுவேன். இப்போது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, நண்பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அன்றைக்கு அது இல்லை. ஆகஸ்ட் மாதத்தில் கம்பி கட்டுபவர்கள் கையுறைக்கு மேல் ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு கம்பியைத் தொட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஒருவர் மயங்கி விழுந்தால் நிழலில் கிடத்தித் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு கொடுப்போம். ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார், ஏனென்றால் அந்த மணி நேரத்தை நான் அவர் கணக்கில் எழுத முடியாது. எழுதினேன், பல முறை. அதற்காக மேலாளரிடம் ஏச்சும் வாங்கினேன். இன்னும் அதிகமாக எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் எனக்கு இன்றுள்ள வருத்தம்.

அவர்களில் அரியலூர்க் கொத்தனார் ஒருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அவர் ஒரு சிறிய பாக்கெட் நோட்டு வைத்திருந்தார். எந்தெந்தக் கட்டடத்தில் எத்தனை மாதம் வேலை செய்தார் என்பதை அதில் தேதியோடு குறித்துவைப்பார். ஆனால் கட்டடம் எழும்பும்போது அதற்குப் பெயர் இருப்பதில்லை. மனை எண்ணும் ஒப்பந்தக்காரரின் வேலை எண்ணும்தான் இருக்கும். முடிந்து பெயர்ப் பலகை ஏறும்போது தொழிலாளர்கள் வேறோர் இடத்துக்குப் போயிருப்பார்கள். ஆகவே அவருடைய நோட்டில் இருபத்திரண்டு கட்டடங்கள் இருந்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை. 2009இல் வேலை போய் அவர் ஊருக்குத் திரும்பிய பிறகு ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, அந்த எண்களை வாசித்து, எந்த எண் எந்தக் கட்டடம் என்று கேட்டார், பேத்தி தொலைக்காட்சியில் துபாயைப் பார்த்துவிட்டு "இதுல தாத்தா கட்டுனது எது?" என்று கேட்டுவிட்டாளாம். பழைய சக ஊழியர்களைப் பிடித்து விசாரித்துப் பதினேழுக்கு நான் பெயர் கண்டுபிடித்தேன். நேரில் போய்ப் படமெடுத்து, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயரும் ஆண்டும் எழுதி, ஊருக்குப் போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன். மீதி ஐந்தில் இரண்டை இடித்துவிட்டார்கள். மூன்று இன்னும் தெரியவில்லை. இந்த ஊரில் நான் செய்த வேலைகளில் உருப்படியானது எது என்று யாராவது கேட்டால் அந்தப் பதினேழு படங்களைத்தான் சொல்வேன்.

தொழிலாளர் முகாம்கள் நிறைந்த முஹைஸ்னா பகுதியை எல்லோரும் சோனாப்பூர் என்று அழைக்கிறார்கள். இந்தியில் பொன்னூர் என்று பொருள். அந்தப் பெயரை யார் முதலில் வைத்தார்களோ, அவர்கள் எதை நினைத்து வைத்தார்கள் என்று அங்கே போகும்போதெல்லாம் யோசிப்பேன். மாலை ஆறு மணிக்குப் பேருந்துகள் வரிசையாக உள்ளே நுழையும்போது, அத்தனை சன்னல்களிலும் தலை சாய்ந்து தூங்கும் முகங்கள் தெரியும்.

1996இல் விசா இல்லாமல் தங்கியிருந்தவர்கள் தண்டனையின்றி வெளியேறப் பொதுமன்னிப்பு வந்தது. எங்கள் அறையிலிருந்து இரண்டு பேர் போனார்கள். சுற்றுலா விசாவில் வந்து வேலை தேடிய இன்னொருவர், விசா மாற்றுவதற்காக ஈரானுக்குச் சொந்தமான கிஷ் தீவுக்குப் போய் மூன்று வாரம் காத்துக் கிடந்தார். கடவுச்சீட்டு நிறுவனத்தின் பெட்டகத்தில் பூட்டப்பட்டிருந்ததால், அப்பா இறந்த செய்தி வந்த இரவில் எனக்கு அது கையில் கிடைக்க மறுநாள் மாலை ஆனது. தகனத்துக்கு நான் போய்ச் சேரவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இயலவில்லை.

1997இல் மனைவி வந்தார். குடும்பத்தைக் கூட்டி வருவதற்கு அரசு விதித்த சம்பள அளவை எட்டுவதற்கு ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கராமா பகுதியில் ஒரு படுக்கையறை வீடு. அவருடைய துபாய் என்னுடையதிலிருந்து முற்றிலும் வேறு. நான் வெயிலைச் சொன்னால், அவர் அமைதியைச் சொல்கிறார். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த அவருக்கு, காலை ஏழு மணிக்குக் கதவு சாத்தப்பட்டதும் ஏசியின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லாத பகல்கள்தாம் முதல் நினைவு. கீழே இருக்கும் பகாலா என்னும் மளிகைக் கடைக்குத் தொலைபேசியில் சொன்னால் ஒரு கொத்துக் கறிவேப்பிலையைக்கூடப் பையன் மேலே கொண்டுவந்து கொடுப்பான். ஒரு மனித முகத்தைப் பார்ப்பதற்காகவே தினமும் ஏதாவது ஒன்று குறைந்துவிட்டதாகச் சொல்லி வரவழைத்ததை இருபது ஆண்டுகள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். எதிர் வீட்டு அக்கா, திருநெல்வேலிக்காரர், மருத்துவமனையில் செவிலியர். இரவுப் பணி முடித்து வந்து தூங்கப் போகுமுன் எங்கள் கதவைத் தட்டி "சாப்ட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அந்த ஒரு கேள்வியில்தான் அந்த ஆண்டை ஓட்டியதாக மனைவி சொல்கிறார்.

வெள்ளிக்கிழமைகளில் புர் துபாய் ஜவுளிச் சந்தைக்குப் பின்னால் உள்ள கோயிலுக்குப் போவோம். 1958 முதல் அங்கே இருந்த கோயில் அது. குறுகலான சந்து, இருபுறமும் பூவும் தேங்காயும் விற்கும் கடைகள், அருகிலேயே பெரிய பள்ளிவாசல். பாங்கு சொல்லும் நேரமும் ஆரத்தி நேரமும் சில மாலைகளில் அடுத்தடுத்து வரும். 2024 ஜனவரியில் அந்தக் கோயில் மூடப்பட்டு, வழிபாடு ஜெபல் அலியில் கட்டப்பட்ட விசாலமான புதிய கோயிலுக்கு மாறியது. புதியது அழகாகவும் வசதியாகவும் இருக்கிறது. இருந்தாலும், கால் வைக்க இடமில்லாத அந்தச் சந்தில் முன்னால் நிற்பவரின் தோளுக்கு மேலாகக் கண்ட தரிசனத்தைத்தான் மனைவி தரிசனம் என்கிறார்.

2002க்குப் பிறகு, வெளிநாட்டவரும் குறிப்பிட்ட பகுதிகளில் வீடு வாங்கலாம் என்று ஆனதும், ஊர் ஓட்டமெடுத்தது. ஆறு மாதம் போகாத பகுதிக்குப் போனால் வழி தவறும். டிபென்ஸ் ரவுண்டானா பக்கத்தில் 2004இல் தோண்டத் தொடங்கிய பள்ளத்திலிருந்து 828 மீட்டர் உயரக் கோபுரம் எழுந்தது. ஆறு ஆண்டுகள் அதைப் புர்ஜ் துபாய் என்றே சொல்லிப் பழகிய எங்களுக்கு, 2010 ஜனவரி 4 அன்று திறப்பு விழாவில் புர்ஜ் கலீஃபா என்று பெயர் அறிவிக்கப்பட்டபோது, நன்கு தெரிந்த பிள்ளைக்குப் புதுப் பெயர் வைத்ததுபோல் இருந்தது. 1968 கணக்கெடுப்பில் துபாயின் மக்கள் தொகை சுமார் 59 ஆயிரம். நான் வந்து மூன்று ஆண்டுகளில், 1995இல், ஏறத்தாழ 6.9 லட்சம், இன்று 38 லட்சத்துக்கு மேல். இதில் பத்தில் ஒன்பது பேர் என்னைப்போல் வெளியிலிருந்து வந்தவர்கள்.

ஓடிய ஊர் 2008 இறுதியில் ஒரு மாதத்துக்குள் நின்றது. பாரந்தூக்கிகள் அசையாமல் நின்றன. வேலை இழந்தவருக்கு விசா ரத்தானதும் வெளியேற முப்பது நாள் என்பதுதான் அன்றைய விதி. எங்கள் கட்டடத்தின் மின்தூக்கிக்கு முன்னால் சோபாக்களும் மிதிவண்டிகளும் தொட்டில்களும் எடுத்துக்கொள்ள ஆளின்றிக் கிடந்தன. மூன்றாவது மாடியில் இருந்த கோவைக் குடும்பம் துளசித் தொட்டியை எங்களிடம் ஒப்படைத்துவிட்டு, பிள்ளைகளின் பள்ளி ஆண்டு முடியும் முன்பே போனது. அந்தத் துளசியின் வழித்தோன்றல் இன்றும் எங்கள் பால்கனியில் இருக்கிறது. அதை எடுத்துச் செல்ல முடியாது என்பதால் யாரிடம் கொடுப்பது என்று மனைவி இப்போதே ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மெட்ரோ 2009 செப்டம்பர் 9 அன்று ஓடத் தொடங்கியதைப் பாய் பெரிதும் கொண்டாடினார். வெயிலில் பேருந்துக்கு நின்று நின்றே பாதி ஆயுள் போனது என்று சொல்லி, வேலை எதுவும் இல்லாமலேயே ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போய் வந்தார்.

மழையைப் பற்றி எல்லோரும் மகிழ்ச்சியோடுதான் சொன்னார்கள். ஆண்டுக்கு ஐந்தாறு நாள் தூறினால் அதிகம் என்னும் ஊரில், முதல் துளி விழுந்ததும் அலுவலகமே சன்னலுக்கு வரும். ஆனால் 2024 ஏப்ரல் 16 வேறு. 1949இல் பதிவுகள் தொடங்கிய பிறகு இந்த நாட்டில் பெய்த மிகப் பெரிய மழை அது. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டருக்கு மேல் பதிவாயிற்று. விமான ஓடுபாதை ஏரியானது. மின்தூக்கி நின்ற எங்கள் கட்டடத்தில், பெயர்கூடத் தெரியாத அண்டை வீட்டார் தண்ணீர்ப் புட்டிகளைப் படிக்கட்டில் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றினார்கள். நாயிஃப் அறையில் சித்தப்பா மற்றவரின் சமையல் முறையை எடுத்துக்கொண்டது எனக்கு அன்று நினைவுக்கு வந்தது.

என் மகன் 1998இல் இங்கே பிறந்தவன். அவனுக்கு ஊர் எது என்று கேட்டால் கராமா என்பான். ஆனால் பிறப்பு இங்கே எந்த உரிமையையும் தருவதில்லை. பதினெட்டு வயதுவரை என் பொறுப்பில் இருந்தான். பிறகு இந்தியாவில் படித்து, வேலைக்காக மீண்டும் விசா எடுத்து, எல்லாரையும்போல் வரிசையில் நின்று தன் சொந்த ஊருக்குள் நுழைந்தான். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. வரும்போதே எனக்குத் தெரிந்த விதி அது. எனக்குத் தெரிந்து நான் ஏற்ற விதி, தெரியாமல் பிறந்தவனுக்கும் விதியானதுதான் எனக்குக் கனக்கிறது. இப்போது நீண்ட கால விசாக்கள் சில வந்திருக்கின்றன. அவன் ஒன்றுக்கு முயன்று பார்க்கிறான்.

இப்போது துபாயில் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் 'மகானி' என்னும் பத்து இலக்க எண் பொறித்த பலகை உண்டு. அந்த எண்ணைத் தட்டினால் தொலைபேசியே வாசலில் கொண்டுபோய் விடும். என் நோட்டுப் புத்தகத்தில் உள்ள நினைவுகளுக்கெல்லாம் வரைபடத்தில் இடம் குறித்துத் தருவதாக மகன் சொன்னான். முதலில் எங்கள் அறையைக் குறிக்க வேண்டும் என்றேன். சென்ற வெள்ளிக்கிழமை மாலை இருவரும் போனோம். மணிக்கூண்டைத் தாண்டி, நாசர் ஸ்கொயர் வழியாக, நாயிஃப் காவல் நிலையத்துக்குப் பின்னால். சந்து இருந்தது. தையற்கடையும் அதன் மேலிருந்த இரண்டு மாடிகளும் இல்லை. அந்த இடம் சமப்படுத்தப்பட்டு வாகன நிறுத்தமாகியிருந்தது. ஆனால் பக்கத்துப் பள்ளிவாசலின் சுவர் அப்படியே இருந்தது. எங்கள் சன்னலுக்கு நேரே இருந்த சுவர் அது. விடியற்காலைத் தொழுகைக்கு அழைக்கும் குரலில்தான் நாங்கள் எழுவோம்.

"உங்க கட்டில் எங்கப்பா இருந்தது?" என்று மகன் கேட்டான்.

சுவரிலிருந்து தொடங்கி அடியெண்ணி நடந்தேன். சந்தின் அகலம் ஏழடி, பிறகு சன்னல், அதையடுத்து ஏசி. ஒரு வெள்ளை வேனுக்கும் மஞ்சள் கோட்டுக்கும் நடுவே நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கி, இரண்டு மாடி உயரத்தை மனத்தில் கூட்டிக்கொண்டு, இங்கேதான் என்றேன். அவன் குனிந்து தொலைபேசியில் புள்ளி வைத்துவிட்டு, அதற்கு என்ன பெயர் எழுதட்டும் என்று கேட்டான். சித்தப்பாவின் பெயரை எழுதச் சொன்னேன்.